டாரியுஸ் மியோவின் படைப்புகளைப் பட்டியல் போட

பிரெஞ்சு இசையமைப்பாளர் டாரியுஸ் மியோ (1892–1974) இசையை எழுதிக் குவித்தவர். அவருடைய ஓபஸ் எண்கள் (படைப்புகளுக்குத் தரும் வரிசை எண்கள்) 443 வரை போகின்றன. அவருக்குப் பட்டியல் போடுபவர்களுக்கு நான் முதலில் சொல்வது: ஓர் எண்ணுக்கு ஒரு வரி என்று வைக்காதீர்கள். ஒவ்வொரு வடிவத்துக்கும் தனி வரி கொடுங்கள், கூடவே ‘எதிலிருந்து வந்தது’ என்று ஒரு பத்தி (column).

ஓபஸ் 165ஐப் பாருங்கள். அது 1937இல் ஒரு நாடகத்துக்கு எழுதிய இசை. அதிலிருந்து இரண்டு பியானோக்களுக்காகப் பிறந்த ‘ஸ்காரமூஷ்’ 165பி. சாக்ஸபோனும் ஆர்கெஸ்ட்ராவும் என்றால் 165சி, கிளாரினெட் என்றால் 165டி. ‘ஸ்காரமூஷின்’ நடுப்பகுதியோ ‘பொலிவார்’ என்ற வேறொரு நாடகத்தின் இசையிலிருந்து வந்தது! ஆகவே அந்தப் பத்தியில் இரண்டு மூலங்களுக்கு இடம் வேண்டும்.

எனக்கு ரொம்பப் பிடித்தது 291. அதிலுள்ள 14ஆம், 15ஆம் ஸ்ட்ரிங் குவார்டெட்களை (நான்கு தந்தி வாத்தியங்களுக்கான படைப்புகள்) தனித்தனியாகவும் வாசிக்கலாம், எட்டுப் பேர் சேர்ந்து ஒரே நேரத்தில் ஆக்டெட்டாகவும் வாசிக்கலாம். இதற்கு மூன்று வரிகள்தான் சரி. இரண்டோடு நிறுத்தினால் ஆக்டெட்டைத் தேடி வருபவருக்கு அது கிடைக்காது.

எழுதிய ஆண்டு, அரங்கேறிய ஆண்டு, அச்சான ஆண்டு மூன்றையும் கலக்காதீர்கள்.

அப்புறம், 81 என்பதை 081 என்றே எழுதுங்கள். எழுத்து கலந்த எண்களை எக்செல் உரையாகத்தான் அடுக்கும். அப்படி எழுதாவிட்டால் 165பி முன்னால் வந்து 81ஏ கடைசிக்குப் போய்விடும்.