பாய்மரப் படகின் ஜன்னலை மாற்றும்போது
சிறு பாய்மரப் படகின் ஜன்னலை மாற்றுவோர், பழைய தகட்டையே அச்சாக வைத்துப் புதிய அக்ரிலிக் (கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்) தகட்டை வெட்டிக்கொள்ளலாம். வெப்பநிலை 30 டிகிரி செல்சியஸ் உயர்ந்தால் ஒரு மீட்டர் நீள அக்ரிலிக் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் நீளும் என்பதால், திருகுத் துளைகளைத் திருகின் விட்டத்தைவிடச் சற்றுப் பெரிதாகவே இட வேண்டும். இடைவெளியில்லாத துளையில்தான் பெரும்பாலும் விரிசல் தொடங்குகிறது. கசிவுக்கு அஞ்சித் திருகுகளை அளவுக்கு மீறி முறுக்கினால், அடைப்புப் பசை வெளியே பிதுங்கி மெல்லிய படலமாக எஞ்சும். தகடு விரிந்து சுருங்கும்போது அந்தப் படலம் பிரிந்து, அஞ்சிய கசிவே வந்து சேரும். அடைப்புப் பசைகளில், இறுகிக் காயாத பியூட்டைல் நாடா (ஒட்டும் ரப்பர் பட்டை), என் கணிப்பில், திருகிப் பொருத்தும் ஜன்னலுக்கு மிகவும் ஏற்றது. தகட்டை அசிட்டோனால் துடைக்கவே கூடாது. அது அக்ரிலிக்கில் நுண்விரிசல்களை உண்டாக்கும். புதிய தகட்டின் மேல் ஒட்டியிருக்கும் பாதுகாப்புத் தாளை, படகில் பொருந்தும் விளிம்பில் மட்டும் உரித்தால், பிதுங்கும் பசை தகட்டின் மற்றப் பரப்பில் படியாது.