எதில் இருபது சதவீதம்?

எங்கள் ஊர் நூலகத்தின் பின்கூடத்தில், குரூப் 4 தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு மாலையில் கணக்குச் சொல்லித்தருகிறேன். தேர்வின் 200 வினாக்களில் 25 திறனறிவும் மனக்கணக்கும். சதவீதக் கணக்கு வந்தால் வாய்ப்பாடு தலைகீழாகத் தெரிந்தவர்கள்கூடத் தவறவிடுகிறார்கள். எது நூறு என்று பார்ப்பதற்குள் கை ஓடிவிடுகிறது.

சென்ற வாரம் பலகையில் எழுதிய கணக்கு இது: ஆடித் தள்ளுபடியில் 20 சதவீதம் குறைத்து ஒரு சேலை 1,440 ரூபாய்க்கு விற்கப்பட்டது, குறித்த விலை என்ன? பாதிப்பேர் 1,728 என்றார்கள். 1,440இல் 20 சதவீதமான 288ஐக் கூட்டிவிட்டார்கள். பகலில் ஜவுளிக்கடையில் பில் போடும் பெண் மட்டும், "தள்ளுபடி சீட்டில் இருக்கிற விலைக்குத்தானே சார்?" என்று கேட்டாள். அவ்வளவுதான் கணக்கு. சீட்டு விலை நூறு என்றால் 1,440 என்பது அதில் 80. எட்டால் வகுத்தால் 10 சதவீதம் 180, நூறு சதவீதம் 1,800. சரிபார்க்க, 1,800இல் 20 சதவீதம் 360, கழித்தால் 1,440.

எனவே பேனாவை எடுத்ததும் "எதில்?" என்று கேளுங்கள். "விட", "மீது" என்ற சொற்களுக்கு முன்னால் நிற்பதுதான் பெரும்பாலும் நூறு. அதை வட்டமிட்டுப் பக்கத்தில் 100 என்று எழுதுங்கள். இதற்கு ஐந்து நொடி போதும்.

வாக்கியத்தின் நடுவிலேயே நூறு மாறும் கணக்குகள்தான் மிகவும் ஏமாற்றும். 500 ரூபாய்ப் பொருளுக்கு 20 சதவீதம் ஏற்றினால் 600. பிறகு 20 சதவீதம் குறைத்தால் 500 வராது. இப்போது நூறாக நிற்பது 600, ஆகவே 480. சர்க்கரை விலை 25 சதவீதம் கூடினால், செலவு கூடாமலிருக்கப் பயன்பாட்டை 25 சதவீதம் குறைக்க வேண்டும் என்று நினைக்கிறோம். கிலோ 40 ரூபாய்க்கு 10 கிலோ வாங்கியவர் அதே 400 ரூபாய்க்கு, 50 ரூபாய் விலையில் 8 கிலோ வாங்குவார். குறைந்தது 20 சதவீதமே. சூத்திரம் மறந்தாலும் இப்படி எளிய எண்களை வைத்துப் பாருங்கள். நான் இதைத்தான் அதிகம் வற்புறுத்துவேன்.

தேர்ச்சி 40 சதவீதத்திலிருந்து 50 ஆனால், உயர்வு 10 சதவீதப் புள்ளிகள். ஆனால் பழைய தேர்ச்சியோடு ஒப்பிட்டால் 25 சதவீதம். வினா எதைக் கேட்கிறது என்று இன்னொரு முறை படியுங்கள்.

அடுத்தடுத்து வரும் சதவீதங்களைக் கூட்டிவிடவும் வேண்டாம். 50,000 ரூபாய்த் தங்கத்துக்குச் சேதாரம் 10 சதவீதம், ஜிஎஸ்டி 3 சதவீதம் என்றால் 13 சதவீதம் சேர்த்து 56,500 என்று எழுதுவார்கள். வரி சேதாரமும் சேர்ந்த 55,000 மீது விழுகிறது: 1,650. மொத்தம் 56,650. வீட்டில் பழைய நகை பில் இருந்தால் எடுத்து ஒருமுறை போட்டுப் பாருங்கள்.