1971 போரின் ஆண்டு நாளை மூத்த படைவீரர்களோடு ஊரில் நடத்தும் முறை

1971 டிசம்பர் 3ஆம் தேதி மூண்ட இந்திய–பாகிஸ்தான் போர், கிழக்கு முனையில் (இன்றைய வங்கதேசத்தில்) 16ஆம் தேதி மாலை டாக்கா ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் பாகிஸ்தான் படைத் தளபதி லெப்டினன்ட் ஜெனரல் நியாசி சரணடைவு ஆவணத்தில் கையொப்பமிட்டதோடு முடிந்தது. அன்று 18 வயதில் களத்தில் நின்றவர்கூட இன்று 70ஐக் கடந்துவிட்டார். பத்தாண்டு அனுபவத்தோடு ஹவில்தாராக இருந்தவர் 80களில் இருக்கிறார். ஆகவே, வெற்றி நாளை ஊரிலோ பள்ளியிலோ நடத்த முன்வருவோர், மேடை, பந்தல், சிறப்பு விருந்தினர் என்று தொடங்காமல், அந்த மனிதர்களிடமிருந்து தொடங்க வேண்டும்.

முதல் வேலை அவர்களைக் கண்டறிவது. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தையும், வட்டார முன்னாள் படைவீரர் சங்கத்தையும் அணுகினால் பெரும்பாலானோரைச் சென்றடையலாம். ஆனால் ஓய்வூதியத்துக்குத் தேவையான 15 ஆண்டுப் பணி நிறைவதற்குள் வெளிவந்தவர்கள் ஓய்வூதியப் பட்டியல் எதிலும் இருக்கமாட்டார்கள். ஊர்ப் பெரியவர்களிடமும் தேநீர்க் கடையிலும் விசாரித்தால்தான், “மிலிட்டரிக்காரர் வீடு” என்று இன்றும் அழைக்கப்படும் வீடுகள் தெரியவரும். கணவரை அந்தப் போரில் இழந்த பெண்களையும் அதே கையோடு விசாரித்துவிடுங்கள். விழாக்களில் பெரும்பாலும் விடுபட்டுப் போகிறவர்கள் அவர்களே.

விழாவுக்கு ஒரு மாதம் முன்பாகவே வீடு தேடிச் சென்று பேசிப் பதிவு செய்வது நல்லது. மேடையில் ஒலிபெருக்கியைக் கையில் கொடுத்தால் “நாட்டுக்காகக் கடமையைச் செய்தேன்” என்ற ஒரு வரியோடு அமர்ந்துவிடும் பெரியவர், தம் வீட்டுத் திண்ணையில் ஒரு மணி நேரம் தடையின்றிப் பேசுவார். கைப்பேசியின் ஒலிப்பதிவு வசதியே போதும். மின்விசிறியை நிறுத்திவிட்டு, நன்றாகக் கேட்கும் காதின் பக்கம் அமர்ந்து, அவருடைய அனுமதியையும் பதிவிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். எத்தனை பேரைச் சுட்டீர்கள் என்று கேட்கக் கூடாது. என்ன சமைத்தார்கள், டிசம்பர்க் குளிரில் பதுங்குகுழியில் எப்படி உறங்கினார்கள், போர் தொடங்கிய செய்தி எப்படி வந்தது, ஊருக்கு எழுதிய கடிதம் எப்போது சேர்ந்தது என்று கேட்டால், மற்றவை தாமாகவே வரும். அவர் மௌனமானால் அடுத்த கேள்விக்குத் தாவாமல் காத்திருங்கள். கண் கலங்கினால் பதிவை நிறுத்துங்கள்.

ஐம்பது ஆண்டுக்கு மேற்பட்ட நினைவு என்பதால் இடமும் தேதியும் கலங்கியிருக்கக்கூடும். அதற்காக அவரை இடைமறித்துத் திருத்துவது அழகல்ல. வீட்டில் உள்ள பொருள்களே துணைநிற்கும். டிரங்குப் பெட்டியிலிருந்து பதக்கங்களை எடுத்துக் காட்டும்போது, பூர்வி ஸ்டார் இருந்தால் கிழக்கு முனையிலும் பஸ்சிமி ஸ்டார் இருந்தால் மேற்கு முனையிலும் பணியாற்றியவர் என்று கொள்ளலாம். பழைய கடித உறைகளில் 56 ஏ.பி.ஓ. அல்லது 99 ஏ.பி.ஓ. என்ற ராணுவ அஞ்சல் முகவரி இருக்கும். கிழக்குப் பகுதிப் படைகளுக்கு உரியது இரண்டாவது. டிஸ்சார்ஜ் புத்தகத்தில் படையணியும் பணிக்காலமும் பதிவாகியிருக்கும். இவற்றை அங்கேயே படமெடுத்துக்கொண்டு மூலத்தை அவரிடமே கொடுத்துவிடுங்கள். கண்காட்சிக்கென்று வாங்கிச் சென்ற பதக்கங்கள் திரும்பி வராத கதை பல வீடுகளில் உண்டு.

தேதியையும் அவரிடமே கேட்டு முடிவு செய்யலாம். மேற்கு முனையில் நின்றவருக்குப் போர் ஓய்ந்தது 17ஆம் தேதிதான். கடற்படையில் இருந்தவருக்கு, கராச்சித் துறைமுகம் தாக்கப்பட்ட 4ஆம் தேதியோ, கேப்டன் மகேந்திரநாத் முல்லாவோடு ஐ.என்.எஸ். குக்ரி போர்க்கப்பல் மூழ்கிய 9ஆம் தேதியோ மனத்துக்கு நெருக்கமாக இருக்கலாம். ஊரில் ஒருவரே எஞ்சியிருந்தால் அவருடைய நாளில் நடத்துவதே முறை என்பது என் கருத்து.

பொது நாளாக 16ஐத் தேர்ந்தால், அது மார்கழி பிறக்கும் வேளை என்பதை மறக்க வேண்டாம். காலைப் பனியில் முதியவர்களைத் திறந்தவெளியில் உட்கார வைக்காமல், மாலையில் நடத்துங்கள். சரணடைவு கையொப்பமானதும் மாலை நாலரை மணியளவில்தான் என்பதால் பொருத்தமாகவும் இருக்கும். கைப்பிடியுள்ள நாற்காலி, சாய்வுப் பாதை, அருகில் கழிப்பறை, அழைத்துவந்து வீட்டில் விட வாகனம் ஆகிய நான்கும் இல்லாமல் அழைப்பிதழ் அச்சிட வேண்டாம். கொடியேற்றம், உயிர்நீத்தோர் பெயர் வாசிப்பு, இரண்டு நிமிட மௌனம், பின் படைவீரரின் பேச்சு, இவ்வளவும் முக்கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிட வேண்டும். (பொன்னாடை போர்த்திப் படம் எடுக்கும் நேரம், படைவீரர் பேசும் நேரத்தை விஞ்சிவிடுவது நம் ஊர் வழக்கம், அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.) வர இயலாதவரின் வீட்டுக்கு மாணவர்கள் நால்வர் சென்று, அவர் குரலின் பதிவை மட்டும் விழாவில் ஒலிக்கச் செய்யலாம்.

வாசிக்கும் பெயர்களை முன்கூட்டியே சரிபார்ப்பது கட்டாயம். 2019இல் திறக்கப்பட்ட புதுதில்லி தேசியப் போர் நினைவுச் சின்னத்தில் உயிர்நீத்தோரின் பெயர்கள் கருங்கல்லில் பொறிக்கப்பட்டுள்ளன. அவற்றோடு ஒப்பிட்டு, குடும்பத்தாரிடமும் எழுத்துக்கூட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

விழா முடிந்ததும் பதிவுகளுக்குப் பெயர், படையணி, ஊர், பதிவான நாள் ஆகியவற்றைக் குறித்து, ஒரு பிரதியைக் குடும்பத்துக்கும், ஒன்றைப் பள்ளிக்கும், ஒன்றை ஊர் நூலகத்துக்கும் கொடுங்கள். கைப்பேசியில் மட்டும் வைத்திருந்தால் கைப்பேசி மாறும்போது அதுவும் போய்விடும்.