நாலு வருடம் நின்ற காரை ஓட வைப்பது எப்படி

எனக்குக் காரைக்குடியில் பட்டறை. சுற்றிலும் கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர், ஆத்தங்குடி என்று பெரிய வீடுகள் உள்ள ஊர்கள். வீட்டுக்காரர்கள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள். கல்யாணம், முன்னோருக்குப் படைப்பு என்றால்தான் வீடு திறக்கும். வீட்டோடு சேர்ந்து கார் கொட்டகையும் பூட்டியே கிடக்கும். ஊருக்கு வந்த மறுநாள் எனக்குப் போன் வரும். "வண்டி ரெண்டு வருசமா நிக்குது. ஒரு பேட்டரி மட்டும் எடுத்துட்டு வாங்க, ஸ்டார்ட் பண்ணிடலாம்."

பேட்டரி மட்டும் எடுத்துப் போனாலும் வண்டி ஸ்டார்ட் ஆகிவிடும், பல நேரம். அதுதான் ஆபத்து. தொழிலுக்கு வந்த புதிதில் ஆறு வருடம் நின்ற ஒரு பிரீமியர் பத்மினிக்கு நான் அப்படித்தான் செய்தேன். புது பேட்டரி மாட்டி செல்ஃப் அடித்தேன். 'டக்' என்று ஒரு சத்தம், எஞ்சின் சுற்றவில்லை. மறுபடி அடித்தேன். மூன்றாவது தடவை சுற்றி ஸ்டார்ட் ஆனது. வீட்டுக்காரருக்கு ஒரே சந்தோஷம். ஒரே வாரத்தில் நீலப்புகை. எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றினால், இரண்டாம் சிலிண்டர் சுவரில் மேலிருந்து கீழ்வரை நகம் மாட்டுகிற ஆழத்துக்குக் கீறல். துருவில் ஒட்டிக்கிடந்த பிஸ்டன் ரிங்கை செல்ஃப் மோட்டாரின் பலத்தால் நானே உடைத்திருக்கிறேன். கொஞ்சம் எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி பொறுத்திருந்தால் அந்த எஞ்சின் பிழைத்திருக்கும். அன்றிலிருந்து யார் கேட்டாலும் முதலில் சொல்வது ஒன்றுதான்: சாவியைத் திருப்பாதீர்கள். நின்ற வண்டிக்கு வேண்டிய வேலையெல்லாம் சாவிக்கு முன்னால்தான் இருக்கிறது.

2024 தை மாதம் கானாடுகாத்தானில் ஒரு ஆச்சி கூப்பிட்டார். 1998 மாருதி 800, பெட்ரோலைக் காற்றோடு கலந்து கொடுக்கும் கார்புரேட்டர் உள்ள வண்டி. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது கொட்டகையில் விட்டதாம், அப்புறம் எடுக்கவே இல்லை. "தம்பி, எத்தனை நாள் ஆனாலும் பரவாயில்ல. பிள்ளையார்பட்டிக்கு இந்த வண்டியிலதான் போகணும்" என்றார். நாள் கொடுக்கிறவர்கள் குறைவு. அதனால் அந்த வண்டியில் எல்லாவற்றையும் வரிசையாகச் செய்ய முடிந்தது. அதை வைத்தே சொல்கிறேன்.

கை வைக்கும் முன் கண்

பானெட்டைத் திறந்ததும் கையை உள்ளே விடாதீர்கள். டார்ச் அடித்துப் பாருங்கள். பாம்புச் சட்டை கிடந்த வண்டிகளை நான் பார்த்திருக்கிறேன். இந்த வண்டியில் எலிதான். ஏர் ஃபில்டர் டப்பாவின் மூடியை எடுத்தால் உள்ளே சீட்டுப் பஞ்சு, வைக்கோல், கல்யாணப் பத்திரிகைத் துண்டு எல்லாம் சேர்த்து ஒரு மெத்தையே போட்டிருந்தது. இப்படியே ஸ்டார்ட் செய்திருந்தால் அதில் ஒரு பகுதி கார்புரேட்டருக்குள் போயிருக்கும். எலி இருந்தால் ஒயரும் கடிபட்டிருக்கும். ஒவ்வொரு ஒயரையும் விரலால் தடவி, செம்பு தெரிகிற இடத்தை எல்லாம் சரி செய்த பிறகுதான் பேட்டரி. இல்லாவிட்டால் தீப்பிடிக்கும்.

பின்னால் போய் சைலன்சர் குழாயையும் பாருங்கள். குளவி மண் வைத்து அடைத்திருக்கும். குச்சியால் குத்தி உள்ளே தள்ளாமல், சுரண்டி வெளியே எடுங்கள்.

டயரின் பக்கவாட்டில் 'டாட்' (DOT) என்ற ஆங்கில எழுத்துகளில் தொடங்கும் வரிசையின் கடைசியில் நாலு இலக்கம் இருக்கும். 2315 என்றால் 2015-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. தரையில் படும் பூ தேயாமல் எவ்வளவு இருந்தாலும், பக்கச் சுவரில் வெடிப்பு விழுந்திருந்தால் அந்த டயரில் நெடுஞ்சாலைக்குப் போகாதீர்கள். ஸ்டெப்னியையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

எஞ்சினைக் கையால் சுற்றுங்கள்

மாருதி 800-க்கு மூன்று சிலிண்டர், மூன்று பிளக். பிளக்கைச் சுற்றி இருக்கும் தூசியை முதலில் ஊதிவிடுங்கள், இல்லாவிட்டால் அது உள்ளே விழும். பிளக்கைக் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் ஒரு டீஸ்பூன் புது எஞ்சின் ஆயில் விடுங்கள். அதற்கு மேல் வேண்டாம். துளைமேல் துணியைப் போட்டு மூடி, ராத்திரி முழுக்க விட்டுவிடுங்கள். ஆயில் மெல்ல இறங்கி ரிங்கைச் சுற்றிப் பரவ வேண்டும்.

மறுநாள் காலையில் பின் சக்கரங்கள் இரண்டுக்கும் கட்டை கொடுத்து, முன் சக்கரம் ஒன்றை மட்டும் ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு வைத்து, டாப் கியரில் போட்டேன். தூக்கிய சக்கரத்தைக் கையால் முன்பக்கமாகச் சுற்றினால் எஞ்சினும் சேர்ந்து சுற்றும். பிளக் இல்லாததால் அழுத்தம் கிடையாது, ஒரு ஆள் பலம் போதும். முதலில் அசையவில்லை. சக்கரத்தை முன்னும் பின்னுமாக விரற்கடை அளவுக்கு ஆட்டினேன். ஐந்தாறு தடவைக்குப் பிறகு, ஊறிய மரக்கதவு நகர்கிற மாதிரி ஒரு இழுவை. அப்புறம் பிளக் துளை ஒன்றிலிருந்து 'புஸ்' என்று காற்று. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் எனக்கு நெஞ்சில் பால் வார்த்த மாதிரி இருந்தது. மூன்று துளையிலும் காற்று வருகிறதா என்று பார்த்து, பத்துச் சுற்று சுற்றினேன்.

அசையவே இல்லையென்றால்? பலத்தைக் கூட்டாதீர்கள், நாளைக் கூட்டுங்கள். துரு இளக்கும் எண்ணெயைக் கொஞ்சம் விட்டு மறுநாள் பாருங்கள், அதற்கு மறுநாளும் பாருங்கள். வாரம் பத்து நாள் எடுத்துக்கொண்டு இளகிய எஞ்சின் உண்டு. அதற்கும் மசியாவிட்டால் ஹெட்டைக் கழற்றத்தான் வேண்டும். கயிறு கட்டி இழுத்து ஸ்டார்ட் செய்யலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள்.

எஞ்சினின் வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூட வைக்கும் டைமிங் பெல்ட் ரப்பர்தான். ஓடாவிட்டாலும் அதற்கு வயது ஏறும். எப்போது மாற்றியது என்று தெரியாவிட்டால் மாற்றிவிடுங்கள்.

பழைய பெட்ரோல்

ஆச்சி வீட்டு வண்டியின் டேங்க் மூடியைத் திறந்ததும் வார்னிஷ் வாடை வந்தது. புது பெட்ரோல் மூக்கில் ஏறும், பழையது தொண்டையில் புளிக்கும். ஒரு முறை முகர்ந்தால் மறக்காது. பெட்ரோல் நாள்பட நின்றால் அதன் லேசான பகுதி ஆவியாகிவிடும். மிச்சம் காற்றோடு சேர்ந்து பிசினாக மாறும். எத்தனால் கலந்த பெட்ரோலில் இன்னொரு சிக்கலும் உண்டு. எத்தனால் ஈரத்தை இழுக்கும். ஈரம் மிகுந்தால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து டேங்க் அடியில் தங்கும், டேங்க் துருப்பிடிக்கும். இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. பழைய வண்டியின் ரப்பர் ஹோஸ்கள் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. அதனால் நின்ற வண்டியை எடுக்கும்போது பெட்ரோல் ஹோஸ்களை எத்தனால் தாங்கும் புது ஹோஸாக மாற்றிவிடுங்கள். பெரிய செலவு கிடையாது.

பழையதில் புதியதை ஊற்றிக் கலந்து ஓட்டலாம் என்பார்கள். ஆறு மாதம் நின்ற வண்டிக்குச் சரி. வருடக் கணக்கில் நின்றதற்கு வேண்டாம், முழுவதும் வடித்துவிடுங்கள். திறந்த வெளியில், பேட்டரி இணைக்காமல், பக்கத்தில் பீடி சிகரெட் இல்லாமல் செய்ய வேண்டிய வேலை இது. வாயால் உறிஞ்சி இழுக்கவே கூடாது, நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. கையால் அமுக்கும் பம்ப் கடையில் கிடைக்கிறது. வடித்ததைச் சாக்கடையிலோ கிணற்றடி மண்ணிலோ ஊற்றாதீர்கள்.

அடுத்து கார்புரேட்டர். அடிக் கிண்ணத்தில் பனங்கருப்பட்டிப் பாகு காய்ந்த மாதிரி பழுப்பாக ஒரு படிவு ஒட்டியிருந்தது. பெட்ரோலை அளந்து விடும் ஜெட்டின் துளை முற்றிலும் அடைப்பு. கார்புரேட்டர் கிளீனரில் ஒரு மணி நேரம் ஊறவிட்டு, காற்று அடித்து எடுத்தேன். ஜெட்டுக்குள் கம்பி விடாதீர்கள். ஜெட் பித்தளை, கம்பி பட்டால் துளை பெரிதாகும், அப்புறம் அந்த வண்டி பெட்ரோலைக் குடிக்கும். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் துளை முழு வட்டமாகத் தெரிய வேண்டும். பெட்ரோல் ஃபில்டரைப் புதிதாகப் போட்டு, ஐந்து லிட்டர் மட்டும் ஊற்றினேன். டேங்கில் இன்னும் அழுக்கு இருந்தால் அது ஃபில்டரில் தெரிந்துவிடும்.

ஆயில், தண்ணீர், பேட்டரி

ஆயில் ஸ்டிக்கில் மோர் மாதிரி வெள்ளையாக இருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கிறது. ஏன் என்று கண்டுபிடிக்கும்வரை ஸ்டார்ட் செய்யக் கூடாது. சுத்தமாகத் தெரிந்தாலும், வருடம் தாண்டி நின்றதென்றால் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிடுங்கள். 800-க்குச் சுமார் மூன்று லிட்டர் பிடிக்கும். ஐநூறு கிலோமீட்டர் ஓடியதும் இன்னொரு தடவை மாற்றினால் உள்ளே இளகிய அழுக்கும் போய்விடும். ரேடியேட்டரில் துருத்தண்ணீர் இருந்தால் வடித்துக் கழுவி, கூலண்ட் ஊற்றுங்கள்.

பழைய பேட்டரி மல்டிமீட்டரில் 3 வோல்ட்டுக்கும் கீழே காட்டியது. முழு சார்ஜில் 12.6 இருக்க வேண்டும். இத்தனை நாள் இவ்வளவு கீழே கிடந்த பேட்டரி தேறாது. அதைக் கொடுத்துப் புதிது வாங்கினோம். 12 வோல்ட்டுக்குப் பக்கத்தில் இருந்தால் முயற்சி செய்யலாம். 35 ஆம்பியர்-அவர் பேட்டரிக்கு 3.5 ஆம்பியர், அதாவது பத்தில் ஒரு பங்கு, அந்த வேகத்தில் மெதுவாக சார்ஜ் போடுங்கள். டெர்மினலில் பச்சை பூத்திருந்தால் சமையல் சோடா கலந்த வெந்நீரில் கழுவுங்கள், பேட்டரிக்குள் ஒரு சொட்டும் போகக் கூடாது. கழற்றும்போது முதலில் மைனஸ், மாட்டும்போது கடைசியில் மைனஸ்.

ஓடுவதற்கு முன் நிற்க வேண்டும்

எல்லோரும் ஸ்டார்ட் ஆவதையே நினைக்கிறார்கள். நான் பிரேக்கைப் பார்க்காமல் ஸ்டார்ட்டே செய்ய மாட்டேன். கை பிரேக் போட்டபடி விட்டிருந்ததால் பின் சக்கரத்தில் பிரேக் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொண்டது. லீவரை இறக்கி, டிரம்மைச் சுற்றி மரச் சுத்தியால் தட்டினால் விடும். உள்ளே ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரில் பிரேக் ஆயில் கசிந்து ஷூ நனைந்திருந்தது. இரண்டு பக்கமும் ரப்பர், ஷூ எல்லாம் மாற்ற வேண்டியதாகிவிட்டது.

பிரேக் ஆயிலும் ஈரத்தை இழுக்கும். டாட் 3 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறினால் 140 டிகிரி வரை இறங்கிவிடும். தொடர்ந்து மிதிக்கும்போது கொதித்து ஆவியானால் பெடல் தரைக்குப் போய்விடும். பழையதை முழுதும் வெளியேற்றிப் புதிது ஊற்றி, நாலு சக்கரத்திலும் பிரேக் குழாய்க்குள் இருக்கும் காற்றை வெளியே எடுங்கள். பிறகு பெடலை அழுத்தி ஒரு நிமிடம் பிடியுங்கள். மெல்ல இறங்கினால் எங்கோ கசிவு இருக்கிறது.

இப்போது சாவி

மூன்றாம் நாள் சாயங்காலம் வண்டியைக் கொட்டகையிலிருந்து தள்ளி வெளியே கொண்டுவந்தோம். மூடிய இடத்தில் ஸ்டார்ட் செய்யக் கூடாது, புகை ஆளைக் கொல்லும். பிளக் போடாமல், பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் காயில் ஒயரை எடுத்துவிட்டு, பத்து பத்து விநாடியாக செல்ஃப் அடித்தேன், நடுவில் ஒரு நிமிடம் ஓய்வு. சிலிண்டரில் விட்ட ஆயிலில் மிச்சம் இருந்தது துணியில் தெறித்தது. நாலாவது தடவை டேஷ்போர்டில் ஆயில் விளக்கு அணைந்தது. எண்ணெய் மேலே ஏறிவிட்டது என்று அர்த்தம். கார்புரேட்டர் இல்லாத இன்ஜெக்ஷன் வண்டியாக இருந்தால் பெட்ரோல் பம்ப் ஃபியூஸையும் எடுத்துவிட்டு இதையே செய்யுங்கள்.

பிறகு புது பிளக், காயில் ஒயர், சோக்கை இழுத்தேன். கார்புரேட்டர் வாயில் நேரடியாகப் பெட்ரோல் ஊற்றாதீர்கள், திருப்பி அடித்தால் முகத்தில் தீ. பம்ப் தானே இழுத்து நிரப்பக் கொஞ்ச நேரம் கொடுங்கள். இரண்டு தடவை இருமி, மூன்றாவதில் பிடித்துக்கொண்டது. வெள்ளையும் நீலமுமாகப் புகை வந்தது, நாம் விட்ட எண்ணெய் எரிகிறது. பத்து நிமிடத்தில் தெளிந்துவிட்டது. உறுமவிடாமல், ஐடிலில் ஃபேன் சுற்றும்வரை ஓடவிட்டு, அடியில் எங்காவது ஒழுகுகிறதா என்று பார்த்தேன்.

ரோட்டுக்குப் போகும் முன் காகிதங்களையும் பாருங்கள். இன்ஷூரன்ஸ் இல்லாமல் தெருவில்கூட எடுக்காதீர்கள். பதினைந்து வருடம் தாண்டிய வண்டிக்கு ஆர்.சி. புதுப்பித்திருக்க வேண்டும், அதை ஐந்து வருடத்துக்கு ஒரு முறை செய்ய வேண்டும். புகைச் சான்றிதழும் வேண்டும். ஆச்சி வண்டிக்கு இதற்கே பட்டறை வேலையைவிட அதிக நாள் ஆனது.

அதெல்லாம் முடிந்த பிறகு பள்ளத்தூர் வரை போய்த் திரும்பினோம். முதலில் ஆளில்லாத இடத்தில், முதல் கியரிலேயே நாலைந்து தடவை பிரேக் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான். திரும்பி வந்ததும் நாலு சக்கரத்திலும் நடுப்பகுதிக்குப் பக்கத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். ஒரு பக்கம் மட்டும் சுட்டால் அந்தப் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம்.

மாசி பிறந்து ஒரு வெள்ளிக்கிழமை ஆச்சி பிள்ளையார்பட்டிக்குப் போய் வந்தார். இப்போது வாரம் ஒரு தடவை டிரைவர் அதை அரை மணி நேரம் ஓட்டிவிட்டு நிறுத்துகிறார். கை பிரேக் போடுவதில்லை. கியரில் போட்டு, பின் சக்கரத்துக்கு இரண்டு செங்கல் வைக்கிறார்.