கம்ப்யூட்டருக்கு யு.பி.எஸ்.: வாட்டைப் பாருங்கள், பேட்டரியைச் சோதியுங்கள்

கரன்ட் போனதும் பேட்டரியில் கம்ப்யூட்டரை ஓட்டும் யு.பி.எஸ்.ஸை கடையில் "600 வி.ஏ." (வோல்ட்-ஆம்பியர்) என்றுதான் சொல்லி விற்பார்கள். நீங்கள் பார்க்க வேண்டியது வாட். 600 வி.ஏ. யு.பி.எஸ். பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும். பின்பக்க ஸ்டிக்கரில் போட்டிருக்கும். சாதாரண ஆபீஸ் கம்ப்யூட்டரும் மானிட்டரும் சேர்ந்து 100 முதல் 150 வாட் இழுக்கும், அதற்கு இது தாராளம். பெரிய கிராபிக்ஸ் கார்டு இருந்தால் 1000 வி.ஏ.வுக்குக் கீழே போகாதீர்கள்.

லேசர் பிரிண்டரை இதில் செருகவே கூடாது. அதன் ஹீட்டர் சூடேறும்போது பல நூறு வாட் இழுக்கும், யு.பி.எஸ். ஓவர்லோடு ஆகி, கம்ப்யூட்டரையும் சேர்த்து அணைத்துவிடும். எர்த் இல்லாத பிளக் பாயின்டும் வேண்டாம். இடி இடித்தால் பிளக்கையே பிடுங்கிவிடுங்கள், யு.பி.எஸ். மின்னலைத் தடுக்காது.

உள்ளே இருப்பது 12 வோல்ட், 7 ஏ.ஹெச். (ஆம்பியர்-மணி) பேட்டரி. பெருக்கினால் 84 வாட்-மணி. 150 வாட் லோடுக்கு அரை மணி நேரம் வரும் என்று தோன்றும், வராது. வேகமாக உறிஞ்சினால் இந்த வகை பேட்டரி கிட்டத்தட்ட பாதியைத்தான் தரும். புது பேட்டரியிலேயே 10, 15 நிமிடம்தான். ஃபைலை சேவ் செய்து ஷட்டவுன் செய்யத்தான் இந்த நேரம்.

பெரும்பாலும் இரண்டு, மூன்று வருடத்தில் பேட்டரி போய்விடும், நம் ஊர் வெயிலில் இன்னும் சீக்கிரம். பச்சை விளக்கு எரிவதை நம்பாதீர்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஃபைல்களை சேவ் செய்துவிட்டு, யு.பி.எஸ். செருகியிருக்கும் சுவர் சுவிட்சை அணைத்துப் பாருங்கள். ஐந்து நிமிடம்கூட நிற்கவில்லை என்றால் மாற்ற வேண்டியதுதான். மல்டிமீட்டரில் 12.6 வோல்ட் காட்டினாலும், கெட்டுப்போன பேட்டரி லோடு ஏறியதும் 10.5-க்குக் கீழே விழும். அதனால் லோடு இருக்கும்போதே அளக்க வேண்டும்.

மாற்றும்போது யு.பி.எஸ்.ஸை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, சில நிமிடம் கழித்துத் திறங்கள். கருப்பு ஒயரை முதலில் கழற்றுங்கள். கிளிப்பைப் பிடித்து இழுங்கள், ஒயரை இழுத்தால் பிய்ந்துவிடும். மாட்டும்போது சிவப்பு பிளஸ்ஸில், பிறகு கருப்பு மைனஸில். கடைசி கிளிப் தொடும்போது சின்னதாக ஒரு பொறி பறக்கும். உள்ளே கெப்பாசிட்டர் சார்ஜ் ஆவதால் வருவது, பயம் வேண்டாம். பிளஸ், மைனஸை மாற்றி மாட்டினால்தான் போர்டு போகும். உப்பிப்போன பேட்டரி வெளியே வரவில்லை என்றால் ஸ்க்ரூடிரைவரால் நெம்பாதீர்கள், சர்வீஸில் கொடுங்கள். புதியதை 8 மணி நேரம் சார்ஜ் ஏற்றிய பிறகே சோதியுங்கள். பழையதைக் குப்பையில் போடாமல் பேட்டரி கடையில் கொடுத்தால் விலையில் கழித்துக்கொள்வார்கள்.