ஒரு வரலாற்றுக் கோட்பாட்டை வாசிக்கும் முறை: மார்க்சின் ‘பதினெட்டாம் புரூமேர்’ வழியாக

சமூகத்தின் பொருளாதார அமைப்பே வரலாற்றுக்கு அடிப்படை என்று கருதும் மார்க்சின் கோட்பாடான வரலாற்றுப் பொருள்முதல்வாதத்தைக் கற்க முனைவோர் பெரும்பாலும் 1859இல் வெளிவந்த அரசியல் பொருளாதார விமர்சன நூலுக்கு மார்க்ஸ் எழுதிய முன்னுரையில்தான் தொடங்குகிறார்கள். அடித்தளம் (பொருளாதார அமைப்பு), மேற்கட்டுமானம் (அதன்மீது எழும் சட்டம், அரசியல், சிந்தனை), உற்பத்தி உறவுகள் (உற்பத்தியில் மனிதர்களுக்கிடையே உள்ள உடைமை, உழைப்பு உறவுகள்) என எல்லாம் அங்கே சில பத்திகளில் கிடைத்துவிடுகின்றன. ஆனால் அந்தக் கருத்துகளைக் கொண்டு ஓர் அரசியல் நிகழ்ச்சியை எப்படி விளக்குவது என்பதை அந்த முன்னுரை கற்பிப்பதில்லை. ஆகவே, 1851 டிசம்பர் 2 அன்று முதலாம் நெப்போலியனின் தம்பி மகனும் பிரான்சின் குடியரசுத் தலைவருமான லூயி போனபார்ட் நடத்திய ஆட்சிக் கவிழ்ப்பை ஆராய்ந்து, மறு ஆண்டே நியூயார்க்கில் வெளியான ‘லூயி போனபார்ட்டின் பதினெட்டாம் புரூமேர்’ என்னும் நூலிலிருந்து தொடங்குமாறு பரிந்துரைக்கிறேன். கோட்பாடு ஒன்று அடங்க மறுக்கும் உண்மைகளோடு மல்லுக்கட்டுவதை இவ்வளவு நெருக்கமாகக் காட்டும் நூல்கள் மிகச் சில.

நூலைத் திறக்குமுன் ஒரு தாளில் காலவரிசையை எழுதிக்கொள்ளுங்கள். மார்க்ஸ் தம் வாசகர்களுக்கு நிகழ்ச்சிகள் தெரியும் என்று எண்ணியே எழுதினார். நமக்கு அந்த வசதி இல்லை. 1848 பிப்ரவரியில் மன்னர் லூயி பிலிப் வீழ்ந்தார்; ஜூனில் பாரிஸ் தொழிலாளர் எழுச்சி நசுக்கப்பட்டது; டிசம்பர் 10 அன்று லூயி போனபார்ட் பெரும் வாக்கு வேறுபாட்டில் குடியரசுத் தலைவரானார்; 1850 மே 31 சட்டம் பல லட்சம் பேரின் வாக்குரிமையைப் பறித்தது. இந்த ஆண்டுகளை மார்க்ஸ் மூன்று கட்டங்களாகப் பிரிக்கிறார். 1848 மே 4, 1849 மே 28 ஆகியவை அவற்றின் எல்லைகள். தலைப்பில் உள்ள புரூமேர், பிரெஞ்சுப் புரட்சி நாட்காட்டியின் ஒரு மாதம்; அதன் பதினெட்டாம் நாளே முதலாம் நெப்போலியன் ஆட்சியைக் கைப்பற்றிய 1799 நவம்பர் 9 என்பதையும் ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, 1869ஆம் ஆண்டுப் பதிப்புக்கு மார்க்ஸ் எழுதிய சிறு முன்னுரையைப் படியுங்கள். அதே நிகழ்ச்சியைப் பற்றி எழுதிய இருவரை அவர் அங்கே மதிப்பிடுகிறார். எழுத்தாளர் விக்தர் ஹ்யூகோ எல்லாவற்றையும் ஒரு தனிமனிதனின் வன்செயலாகக் கண்டதால், இழித்துரைக்க எண்ணிய அந்த மனிதனையே பெரியவனாக்கிவிட்டார் என்கிறார். சோஷலிசச் சிந்தனையாளர் புரூதோன் அதை முந்தைய வளர்ச்சியின் விளைவாகக் காட்ட முயன்று, தம்மையறியாமல் அவனுக்கு வக்காலத்து வாங்கும் நிலைக்குப் போய்விட்டார் என்கிறார். தனிமனிதனா, தவிர்க்க முடியாத போக்கா என்ற இந்த இரு பள்ளங்களிலும் விழாமல் மார்க்ஸ் நடக்கிறாரா என்ற கேள்வியை வாசிப்பு முழுவதிலும் கையில் வைத்திருங்கள்.

ஏழு அத்தியாயங்களையும் ஒரே வேகத்தில் படிக்கத் தேவையில்லை; நாடாளுமன்றச் சச்சரவுகள் நிறைந்த நடு அத்தியாயங்களை முதல் வாசிப்பில் விரைந்து கடக்கலாம். மூன்றாம் அத்தியாயத்தில் மட்டும் கட்டாயம் நிதானியுங்கள். முடியாட்சியை விரும்பியவர்கள் ஏன் பூர்போன், ஓர்லியான் என்ற இரு அரச குடும்பக் கிளைகளின் தரப்புகளாகப் பிளவுபட்டிருந்தார்கள் என்று அங்கே கேட்கிறார். அரச குடும்பப் பற்றுதான் காரணம் என்று அவர்களே நம்பினார்கள்; பெருநிலவுடைமை ஒரு பக்கமும் நிதி, தொழில் மூலதனம் மறுபக்கமும் நின்றதே அடிப்படை என்கிறார் மார்க்ஸ். அதே வேளையில், அந்தப் பற்று பொய் வேடம் என்று அவர் சொல்லவில்லை. உடைமை வடிவங்களின்மீது உணர்வுகளும் நம்பிக்கைகளும் சிந்தனை முறைகளும் எழுகின்றன, தனிமனிதன் அவற்றையே தன் செயலின் தொடக்கம் என்று எண்ணிக்கொள்கிறான் என்கிறார். மேற்கட்டுமானம் என்ற கருத்தை இங்கே கற்றுக்கொண்டால், ‘எல்லாவற்றுக்கும் காசுதான் காரணம்’ என்ற தட்டையான புரிதலுக்குள் நீங்கள் சறுக்க மாட்டீர்கள்.

பிறகு ஏழாம் அத்தியாயத்தின் உழவர் பகுதிக்குப் போங்கள். சிறுநில உழவர்கள் ஒரே விதமாக வாழ்ந்தும் ஒருவரோடொருவர் பிணைப்பின்றி, மூட்டையில் கிடக்கும் உருளைக்கிழங்குகளைப் போல இருந்தார்கள். அதனால் தங்களுக்காகத் தாங்களே பேச இயலாமல், தங்களுக்கு மேலே நின்று காக்கும் ஓர் அதிகாரத்தை நாடினார்கள் என்பது அவர் வாதம். இந்த வாதத்தைச் சோதிக்க ஒரு வலுவான எதிர்ச்சான்று உண்டு: ஆட்சிக் கவிழ்ப்பை எதிர்த்துத் தென்கிழக்கு பிரான்சின் கிராமத்தார் ஆயுதம் ஏந்தினார்கள், தீன்ய நகரையே சில நாட்கள் கைக்கொண்டார்கள். போனபார்ட் பிரதிநிதித்துவம் செய்வது பழமை பேணும் உழவனையே, புரட்சிகர உழவனை அன்று என்று மார்க்ஸ் இதற்கு இடம் விடுகிறார். இந்தப் பாகுபாடு கோட்பாட்டிலிருந்து இயல்பாகப் பிறக்கிறதா, அல்லது நெருக்கடியைச் சமாளிக்கப் பின்னால் சேர்க்கப்பட்டதா? என் பார்வையில் நூலின் மிகச் செறிவான இடம் இதுதான். விடையை ஒரு பக்கமாவது எழுதிப் பாருங்கள்.

இதற்குப் பின் 1859 முன்னுரைக்குத் திரும்பினால் அதன் ஒவ்வொரு வரிக்கும் உங்களிடம் ஓர் எடுத்துக்காட்டு இருக்கும். கடைசியாக எதிர்ப்பக்கத்தையும் கேளுங்கள். வரலாற்றின் போக்கை விதிகளால் முன்னறிய முடியும் என்ற எண்ணத்தையே தத்துவவாதி கார்ல் பாப்பர் 1957இல் நூலாக வந்த ‘வரலாற்றுவாதத்தின் வறுமை’யில் மறுத்தார். அவருடைய வாதத்தைப் ‘பதினெட்டாம் புரூமேர்’ நூலின் இறுதி வாக்கியத்தோடு வைத்துப் பாருங்கள்: பேரரசப் போர்வை லூயி போனபார்ட்டின் தோளில் விழும்போது பாரிசிலுள்ள வாந்தோம் தூணின் உச்சியிலிருந்து நெப்போலியனின் வெண்கலச் சிலை கீழே விழும் என்கிறது அது. 1869இல் மார்க்ஸ் இதை நெப்போலியன் வழிபாட்டின் சரிவாகப் பொருள்கொண்டு, நிறைவேறிவிட்டது என்றார். 1871 மே 16 அன்று பாரிஸ் கம்யூன் என்ற புரட்சிகர நகர ஆட்சி அந்தத் தூணையே சாய்த்தது. இந்த வாக்கியம் விதியிலிருந்து பெறப்பட்ட முன்னறிவிப்பா, அரசியல் உருவகமா என்று முடிவுசெய்துவிட்டு, அதே கேள்வியோடு நூலில் எதிர்காலத்தைப் பற்றிப் பேசும் மற்ற வாக்கியங்களையும் ஒவ்வொன்றாகக் குறியிட்டு வாருங்கள்.