லண்டனிலிருந்து யாழ்ப்பாணம்: எந்த வழியில் எத்தனை மணி நேரம்?

ஊருக்குப் போக ரிக்கற் தேடும்போது, இரண்டு விமான நிலையங்களுக்கும் இடையே எத்தனை கிலோமீற்றர் என்று பலரும் பார்க்கிறார்கள். அது பூமியின் வளைவை ஒட்டிப் போடும் மிகக் குறுகிய கோட்டின் நீளம். விமானம் அதைவிடக் கொஞ்சம் சுற்றித்தான் பறக்கும். வீட்டு வாசலை எப்போது மிதிப்பீர்கள் என்பதை அந்தக் கோட்டை வைத்துச் சொல்ல முடியாது.

லண்டன் ஹீத்ரோவிலிருந்து கொழும்புக்கு அருகிலுள்ள கட்டுநாயக்கா விமான நிலையம் ஏறத்தாழ 8,700 கிலோமீற்றர். நேரடி விமானத்தில் பத்தரை, பதினொரு மணி நேரம். திரும்பும்போது எதிர்க்காற்று, அதனால் ஒரு மணி நேரம் வரை கூடலாம். ரிக்கற்றில் போட்டிருப்பது அந்தந்த ஊர் நேரம். இலங்கை குளிர்காலத்தில் லண்டனைவிட ஐந்தரை மணி நேரமும் கோடையில் நாலரை மணி நேரமும் முன்னே நிற்கிறது. குளிர்காலத்தில் இரவு 9 மணிக்கு ஏறி மறுநாள் பிற்பகல் 1 மணிக்கு இறங்கினால் 16 மணி நேரம் போலத் தெரியும். உண்மையில் பத்தரைதான். அம்மா அப்பாவைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள், அவர்களின் மருந்து வேளையைப் பறக்கும் நேரத்தை வைத்தே கணக்கிடுங்கள்.

சரி, இறங்கியாயிற்று. இனி யாழ்ப்பாணம் போக வேண்டும். இன்னொரு வழி, லண்டனிலிருந்து சென்னை வந்து அங்கிருந்து யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையத்துக்குப் பறப்பது. கட்டுநாயக்காவுக்கும் பலாலிக்கும் நேர்கோட்டில் 290 கிலோமீற்றர், சென்னைக்கும் பலாலிக்கும் 355. ஆனால் தூரம் கூடிய சென்னையிலிருந்து ஒன்றேகால் மணி நேரத்தில் வந்துவிடலாம். கட்டுநாயக்காவிலிருந்து புத்தளம், அனுராதபுரம், வவுனியா என்று வாகனத்தில் போக ஆறு, ஏழு மணி நேரம் பிடிக்கும். பலாலிக்கு வருவது ஏடிஆர் வகைச் சிறிய விமானம். பெரிய ஜெட் மணிக்கு 850, 900 கிலோமீற்றர் போகுமென்றால் இது 500 அளவில்தான் போகும். குறுந்தூரம் என்பதால் அந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது.

அப்படியென்றால் சென்னை வழிதானே நல்லது? எல்லோருக்கும் அல்ல. இரண்டு ரிக்கற்றையும் தனித்தனியாக எடுத்தால், சென்னையில் குடிவரவு கடந்து பொதிகளை எடுத்து மறுபடி ஒப்படைக்க வேண்டிவரும். வெளிநாட்டுக் கடவுச்சீட்டில் போகிறவர்களுக்கு அதற்கு இந்திய விசா வேண்டும். முதல் விமானம் தாமதித்து இரண்டாவதைத் தவறவிட்டால் நட்டம் உங்களுடையது. சிறிய விமானத்தில் பொதி எடையும் குறைவாகவே அனுமதிப்பார்கள். லண்டனிலிருந்து இரண்டு பெரிய பெட்டிகளோடு வருபவர் இதை முதலே விசாரித்துவிடுவது நல்லது. சென்னையில் புடவை எடுக்கவோ உறவினரைப் பார்க்கவோ இரண்டு நாள் தங்குபவர்களுக்குத்தான் பலாலி வழி உண்மையில் வசதி.

குழந்தைகளோடும் முதியவர்களோடும் போகிறவர்களுக்கு நான் கட்டுநாயக்காவையே சொல்வேன். பகலில் இறங்கும் விமானமாகப் பாருங்கள். இரவில் இறங்கினால் பக்கத்திலுள்ள நீர்கொழும்பில் படுத்தெழும்பி விடிய வெளிக்கிடுங்கள். பத்து மணி நேரத்துக்கு மேல் பறந்த களைப்போடு இரவில் நெடுந்தூரம் போகவே வேண்டாம்.

திரும்பும் நாளையும் இப்போதே கணக்குப் பாருங்கள். பிற்பகல் 1 மணி விமானத்துக்குக் காலை 10 மணிக்குக் கட்டுநாயக்காவில் நிற்க வேண்டும். அதற்கு யாழ்ப்பாணத்திலிருந்து அதிகாலை 3 மணிக்காவது புறப்பட வேண்டும். முதல் நாளே வந்து நீர்கொழும்பில் தங்குவதுதான் சரி. அப்படியானால் ஊரில் நிற்கும் நாட்களில் ஒன்று குறையும் என்பதை ரிக்கற் எடுக்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.